கேட்க வந்தவன்

இந்த விழாக்காரர்களை நான் எப்போதும் நம்பியதில்லை. ஒருத்தன் பாடுகிறான், இன்னொருத்தன் கேட்கிறான். நடுவில் இவர்களுக்கு என்ன வேலை என்று இதுவரை ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. வருடா வருடம் கோடை வந்தால் பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்து, ‘கோடை இசை விழா, நடத்துவது ரசனை வளர்ச்சிக் கழகம்’ என்று பெரிதாக எழுதித் தொங்கவிடுவார்கள். மற்ற நாட்களில் நான் படுத்துக் கிடக்கும் மரத்தடி அந்தத் தகரத்துக்கு உள்ளே போய்விடும். ரசனை வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. என் தூக்கம் கெட்டது. அது நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் நானே உள்ளே போகும்படி ஆகிவிட்டது. காரணம் என் தங்கச்சி.

அவளை வீட்டில் எல்லாரும் ‘கரகர’ என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்தே தொண்டை அப்படி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே துவைக்கிற இயந்திரங்கள் போடும் கூச்சலுக்கு மேலே பாடிப் பாடி, அந்தக் கரகரப்புக்கு ஒரு உரம் ஏறிவிட்டது. கூட வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார்கள். இவள் பாடுவாள். யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்துக் கழகத்துக்கு அனுப்பிவிட, கழகம் ‘புதுக் குரல்கள்’ என்ற நிகழ்ச்சியில் இவளைச் சேர்த்துக்கொண்டது. புதுக் குரலுக்குத் தலை முழுக்க நரை. அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு.

அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணே, நீ முன்னாடி உக்காரணும். எனக்கு நேர் எதிர்ல.”

“முன்னாடி உக்காந்தா என்ன, பின்னாடி உக்காந்தா என்ன? காதுக்குத்தானே வேலை?”

“உன் காது கெட்ட கேட்டுக்கு அது வேறயா. எனக்காகச் சொல்றேன். எதிர்ல தெரியாத மூஞ்சியா இருந்தா எனக்குத் தொண்டை அடைச்சுக்குது. எங்க சூப்பர்வைசர் ரிட்டயர் ஆன அன்னிக்கிப் பாடச் சொன்னாங்க. மைக்கு முன்னாடி நின்னேன், வணக்கம் சொன்னேன், எறங்கி வந்துட்டேன்.”

“என் மூஞ்சியப் பாத்தா மட்டும் பாட்டு வருமா? நான் சுளிச்சுக்கிட்டில்ல உக்காந்திருப்பேன்.”

“சுளி, பரவால்ல. தெரிஞ்ச சுளிப்பு. நீ எதிர்ல இல்லன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். அதோட இந்த ஜென்மத்துல மேடைப் பக்கமும் போக மாட்டேன். சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிறவள்தான். புருஷனோடு ஏதோ சண்டையில் தக்காளியைத் தொட மாட்டேன் என்று சொன்னாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் தொடவில்லை.

பாடுகிறவர்களுக்குத் தனி வாசல். அவளும் தொட்டிக்காரப் பெண்களும் அந்தப் பக்கம் போனார்கள். நான் பொது வாசலில் வரிசையில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாக்க வந்தீங்களா, கேக்க வந்தீங்களா?”

இந்த மாதிரி இடத்தில் ஏமாற்றப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் யோசிக்காமல் ‘பாக்க’ என்று சொல்லி, கையில் நீலப் பட்டை கட்டிக்கொண்டு போனார்கள். பாட்டைப் போய் எவனாவது பார்ப்பானா? நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

“கேக்கத்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே.”

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? காது எதுக்கு இருக்கு? கேக்கத்தான் வந்தேன்.”

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றைச் சுற்றி அழுத்தினாள். அதில் ‘கேட்பவர்’ என்று அச்சடித்திருந்தது.

“இதக் கழட்ட முடியாது. அறுத்தீங்கன்னா விழாவ விட்டு வெளிய போனதா அர்த்தம். நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க.”

இடது பக்கம் திரும்பினேன். ‘கேட்போர் கூடாரம்’ என்று பலகை வைத்திருந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று உள்ளே போனேன். பெஞ்சுகள் போட்டிருந்தன. பெஞ்சுகளுக்கு எதிரே மேடை இல்லை. ஒரு மேசையும், மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அலுவலரும்தான். மேடை எங்கேயோ முதுகுப் பக்கம் இருந்தது. அங்கிருந்து மேளச் சத்தம் துணியைத் தாண்டி வந்தது.

பக்கத்தில் இருந்தவரிடம், “இங்க எப்பப் பாடுவாங்க?” என்றேன்.

“இங்க பாட மாட்டாங்க. இங்க கேள்வி கேக்குற இடம். கக்கூஸ் எங்கன்னு கேக்க வந்தேன் நான்.”

“சொன்னாங்களா?”

“இல்ல. இப்ப அவசரம் போயிடுச்சு. இருந்தாலும் பதில வாங்கிட்டே போவோம்னு உக்காந்திருக்கேன்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. சந்தேகம், குறை, புகார் கேட்க வருகிறவனுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘கேட்பவர்’. பாட்டுக்கு வருகிறவன் ‘பார்ப்பவர்’. நான் எழுந்து நேராக மேசைக்குப் போனேன்.

“ம், என்ன கேக்கணும்?” என்றார் கண்ணாடி அலுவலர்.

“பாட்டு கேக்கணும்.”

“நீங்க கேக்குற பாட்டெல்லாம் இங்க போட மாட்டாங்க. விருப்பப் பாட்டு முதல் நாளோட முடிஞ்சுது.”

“ஐயா, என் தங்கச்சி பாட்டு.”

“தங்கச்சிக்காக ஒரு பாட்டு கேக்குறீங்க. என்ன, பிறந்த நாளா?”

“அட இல்லய்யா! தங்கச்சி பாடுது. நான் கேக்கணும்.”

“அவங்ககிட்ட என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் கேக்க வேண்டாம்!”

“ஒண்ணும் கேக்க வேண்டாம்னா இங்க எதுக்கு வந்தீங்க?”

“பட்டையக் கழட்டி விடுங்க. நான் போயிடறேன்.”

“கேட்டு முடிச்சவருக்குத்தான் பட்டையக் கழட்ட முடியும். நீங்க இன்னும் எதையுமே கேக்கலயே.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்து என்ன செய்ய? கல்லில் மோதினால் கல்லைத் திட்ட முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறலாம். ஆனால் கேட்க வந்த ஒருவர் பார்க்கத் தகுதி உள்ளவர்தானா என்று ரசனைப் பயிற்றுநர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய கூடாரம் அடுத்தது.

அங்கே கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் சிலரை வரிசையாக நிற்க வைத்துத் தலையாட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“முதல்ல வலது. அப்புறம் இடது. முகவாய் நெஞ்சத் தொடக் கூடாது. தொட்டா தூங்கறதாக் கணக்கு. இப்ப எல்லாரும் சொல்லுங்க, ஆஹா!”

“ஆஹா,” என்றார்கள்.

“பெரியவரே, நீங்க சொல்லுங்க.”

“ஆஹா.”

“அது வலியில கத்துற மாதிரி இருக்கு.”

“வலிதான். முழங்கால். இவ்வளவு நேரம் நிக்க வெச்சா?”

“வலிய வெளிய காட்டக் கூடாது. சோகப் பாட்டுக்கு மட்டும் முகத்துல கொஞ்சம் வலி அனுமதி. அழறவங்களுக்குத் தனியாக் கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருக்கு. இங்க அழுது பழகிடாதீங்க.”

அந்த நேரத்தில் மேடையில் யாரோ குழல் ஊத ஆரம்பித்தான். மேளம் நின்று, காற்று மட்டும் நூலாக இழுபட்டு வந்தது. அதற்கு முன் அந்த மாதிரி நான் கேட்டதில்லை. எங்கே போகிறான், எப்போது திரும்பி வருவான் என்று மனது அவன் பின்னாலேயே ஓடியது. என்னை அறியாமல் என் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

பயிற்றுநர் விசில் ஊதினார்.

“கால் தட்டறது ரெண்டாம் நாள் பாடம்! முதல் நாள் ஆளு கால் தட்டக் கூடாது!”

குழல் அறுந்தது. ஊதினவன் நிறுத்தினானா, விசில்தான் என் காதைக் கெடுத்ததா, தெரியவில்லை. ‘அடுத்து புதுக் குரல்கள்’ என்று ஒலிபெருக்கி சொன்னது மட்டும் கேட்டது. பயிற்றுநர் எல்லாரையும் கண்ணை மூடி லயிக்கச் சொன்னார். எல்லாரும் லயித்தார்கள். நான் கூடாரத் துணியைத் தூக்கி அடியில் நுழைந்து வெளியே வந்துவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நின்றாள். இஸ்திரி போட்ட புடவை அதற்குள் கசங்கிவிட்டது.

“எங்க போய்த் தொலஞ்ச? எவ்வளவு நேரமாத் தேடறேன்!”

“கேட்போர் கூடாரத்துல இருந்தேன்.”

“அங்க போயி என்ன கேட்ட?”

“ஒண்ணும் கேக்கல. அதான் விட மாட்டேங்கிறான்.”

“வெளையாடுறியா அண்ணே? இங்க என்னடான்னா தொட்டி வாத்தியமே இல்லங்கிறாங்க. துப்புரவுப் பொருளாம். கடைசியில மேடையக் கழுவறதுக்குன்னு ஒரு சீட்டு ஒட்டி உள்ள விட்டாங்க.” தொட்டிக்காரப் பெண்கள் தொட்டியைத் திருப்பிக் காட்டினார்கள். சீட்டு இருந்தது. “நீ போ. போயி முன்னாடி உக்காரு.”

சுற்றிக்கொண்டு மேடைக்கு முன்னால் ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நோக்கம் ஓட்டம்தான். முன்வரிசை முழுக்கக் காலி. மெத்தை வைத்த நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு குடை கட்டி நிழல் கொடுத்திருந்தார்கள். பின்னால் நீலப் பட்டைக்காரர்கள் வெயிலில் வதங்கி நின்றார்கள். நடு நாற்காலியில் உட்காரப் போனேன். காவலர் வந்து கையை நீட்டி மறித்தார்.

“இது தலைவரோட மச்சானுக்கு.”

“அவரு வந்திருக்காரா?”

“அவரு வெளிநாட்டுல இருக்காரு. நாற்காலி வந்திருக்கு.”

“அவரு வர்ற வரைக்கும் உக்காந்துக்கிறேன்.”

“அவரு வரவே மாட்டாரு. அதுவரைக்கும் எப்படி உக்காருவீங்க?” என்றவர் என் கையைப் பார்த்துவிட்டார். “ஏய், மஞ்சள்! மஞ்சள் இங்க எப்படி வந்துச்சு?”

முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். அங்கிருந்து மேடையில் பாதி தெரியும். மேடையிலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன்.

அப்போது மேடையில் ஏறியது புதுக் குரல் இல்லை. கழகத் தலைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலைப் பார்த்ததுமே கூட்டம் பெருமூச்சு விட்டது. நெடுநேரம் பேசப் போகிறவர்தான் பாட்டிலோடு ஏறுவாராம்.

“இசை அன்பர்களே! கேட்பது ஒரு கலை. அந்தக் கலையை வளர்க்கத்தான் இந்தக் கழகத்தைத் தொடங்கினேன். தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. நேரம் எங்கே? அந்த அளவுக்கு இசைக்காக உழைத்திருக்கிறேன்.”

கைதட்டல் அலுவலர் பச்சைக் கொடியைத் தூக்கினார். தட்டினார்கள். சிவப்பைத் தூக்கினார். நிறுத்தினார்கள்.

“பாடகர்கள் வருவார்கள், போவார்கள். ஜலதோஷம் பிடித்தால் பாட்டு நிற்கும். மின்சாரம் போனால் வாத்தியம் நிற்கும். என் உரை எந்த ஆண்டும் நின்றதில்லை. போன ஆண்டு பந்தல் சரிந்தபோதுகூட, பந்தலுக்கு அடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். மீட்க வந்தவர்கள் அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள்.”

பச்சைக் கொடி.

“விழாவில் பாட்டு குறைந்துவிட்டது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் கேட்கிறேன், குறைந்தால்தானே ஏங்குவீர்கள்? ஏங்கினால்தானே ரசனை? பாட்டே இல்லாத ஒரு இசை விழா! அதுதான் நம் இலட்சியம். அதை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்!”

அவர் பேசப் பேச நிழல் நகர்ந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன், காவலர் அந்தப் பக்கம் தள்ளுவார். ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். தலைவர் ஒருவழியாக முடித்துவிட்டு, மேடையிலேயே போட்டிருந்த உயரமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

“நேரமின்மை காரணமாகப் புதுக் குரல்கள் நிகழ்ச்சியில் பாடல் மட்டும் ரத்து செய்யப்படுகிறது. மற்றபடி நிகழ்ச்சி நடைபெறும். பாடகர்கள் மேடைக்கு வந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கலாம்.”

தங்கச்சியும் தொட்டிக்காரப் பெண்களும் ஏறினார்கள். வணக்கம் சொன்னார்கள். தங்கச்சியின் கண் முன்வரிசையில் ஒவ்வொரு குடையாக நகர்ந்தது. குடைக்குக் கீழே நான் இல்லை. அவள் உதட்டைக் கடித்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். தக்காளியை விட்ட அன்றைக்கு இருந்த முகம்.

“நிறைவாக, கேட்போர் நேரம்!” என்றார் அறிவிப்பாளர். “கேள்வி கேட்க வந்த அன்பர்கள் யாராவது?”

யாரும் இல்லை. கூடாரத்தில் இருந்தவர்கள் அலுத்துப்போய்க் கலைந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தலைவர் பாட்டிலைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டு காத்திருந்தார். கேள்வி இல்லாவிட்டால் அவருக்குப் பதில் இல்லை. அறிவிப்பாளருக்கு வியர்த்தது.

“ஒரே ஒரு மஞ்சள் இருந்தாலும் போதும்!”

காவலர் சந்தோஷமாகக் கத்தினார். “சார், எங்கிட்ட ஒண்ணு பிடிபட்டிருக்கு!”

பிடித்து நிறுத்திய கையாலேயே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, மேடைக்கு நேர் எதிரே நிறுத்தி, மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி படியில் ஒரு கால் வைத்திருந்தவள், அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

“விதிகளைச் சொல்லிவிடுகிறேன்,” என்றார் அறிவிப்பாளர். “தலைவர் தம் கையாலேயே எழுதியவை. கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். யாரிடம் கேட்கிறாரோ அவரே பதில் சொல்ல வேண்டும். பதிலுக்கு நேர வரம்பு கிடையாது. பதில் முடியும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. ம், கேளுங்கள்.”

தலைவர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

பாத்திரம் கழுவும்போது அவள் முனகுகிற பாட்டு எனக்குப் பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் காதில் விழும். அது எங்கே தொடங்கும் என்று தெரியும்.

“ஏ கரகர! அந்த ஆஸ்பத்திரியில அப்படி யாரோட துணியத்தான் தொவைக்கிற நீ?”

கூட்டத்தில் சிரிப்பு. அறிவிப்பாளர் பதறினார். “கேள்வி தலைவரிடம்...”

“யாருகிட்ட கேக்குறனோ அவங்கதான் சொல்லணும்னு இப்பத்தானே சொன்னீங்க? நான் எங்க தங்கச்சிகிட்ட கேட்டேன்.”

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாயைத் திறந்தார். சொந்த விதியைக் கூட்டத்துக்கு முன்னால் மீறுவதா என்று யோசித்திருப்பார். “சரி, சுருக்கமாச் சொல்லச் சொல்லுங்க,” என்றார்.

“வரம்பு கிடையாதுன்னீங்களே?” என்று பின்னாலிருந்து ஒரு நீலப்பட்டை கத்தியது.

தங்கச்சி மைக்குக்கு வந்தாள். என்னையே பார்த்தாள். முதல் எழுத்து உடைந்து வந்தது. தொட்டிக்காரப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே தொட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு குரல் ஏறியது.

“யாரு படுத்த விரிப்போ, எனக்குத் தெரியாது,
எந்தக் கண்ணு நனைச்சதோ, அதுவும் தெரியாது,
சோப்புப் போட்டு அலசிட்டேன், கொடியில போட்டுட்டேன்,
காத்துக்கு எல்லாம் தெரியும், கேட்டாச் சொல்லாது...”

இதற்கு முன்னால் வீட்டில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒலிபெருக்கியில் அந்தக் கரகரப்பு, ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி பூங்கா முழுக்க அறைந்தது. அடுத்த அடியில் ஒரு குழந்தையின் விரிப்பு வந்தது. அதற்கு அடுத்த அடியில் ஒரு கிழவரின் போர்வை, திரும்பி வராத போர்வை. வெயிலில் வதங்கியிருந்தவர்கள் தானாக முன்னால் நகர்ந்தார்கள். காவலர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறிக்கவில்லை. ஒரு பெண், அழுகிறவர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றே அழுதாள். பதிலுக்கு எந்தக் கொடியைத் தூக்குவது என்று கைதட்டல் அலுவலருக்குத் தெரியவில்லை. இரண்டையும் கீழே போட்டுவிட்டார். அதன் பிறகு அவரவர் இஷ்டத்துக்குத் தட்டினார்கள். தாளமும் தட்டினார்கள், தப்பாகவும் தட்டினார்கள்.

நான் தலைவரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டேன். பேச வாய் திறப்பார், மூடுவார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். காலை மாற்றிப் போடுவார். பல் வலிக்காரன் முகம் மாதிரி இருந்தது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கும் கதி அவருக்கு வந்தது. தண்ணீர் பாட்டில் முழுதும் காலி.

பாட்டு முடிந்தது. தங்கச்சிக்கு மூச்சு வாங்கியது, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கூட்டம் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சென்றது. அறிவிப்பாளர் அவசர அவசரமாகப் படி இறங்கி என்னிடம் வந்தார். கையில் பட்டையை வெட்டுகிற கத்தரிக்கோல்.

“பதில் கிடைச்சிடுச்சில்ல பெரியவரே? திருப்தியா?” என்றார். தலைவர் ஏற்கனவே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“பாதிதான் புரிஞ்சுது. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க.”